அந்த ராணிகள் உண்மையிலேயே ஆண்டார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இது: கிளியோபாட்ரா, ஜான்சி ராணி, எலிசபெத் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்களை விட்டுவிட்டால், உலக வரலாற்றில் ஆட்சிக்கு வந்தும் கவனிக்கப்படாமல் போன பெண்கள் யார் யார்? கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் கூடப் படிக்கும் ஒருவர், "அவங்க எல்லாம் பேருக்குத்தான் ராணி, பின்னால நின்னு ஆண்டது ஆம்பளைங்கதான்" என்று சொன்னாராம், அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லையாம். உங்களை உறுத்துவது இந்த இரண்டாவது விஷயம்தான் என்று படுகிறது. பெயர்ப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைத்துவிடும். ஒரு பெண் உண்மையில் ஆண்டாளா, சிம்மாசனத்தில் உட்கார மட்டும் செய்தாளா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன், பெயர்கள் வழியில் தானாக வரும்.

நாகர்கோவிலில் பல வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவள் நான். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் நேரடியாக வாசிப்பேன், திருவிதாங்கூர் விஷயம் என்றால் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன். அரபி, மலாய், போர்த்துக்கீசிய மூலங்களை மொழிபெயர்ப்பில் மட்டும்தான் படித்திருக்கிறேன், அந்த நாடுகளைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சி யார் கையில் இருந்தது என்று பார்க்க வரலாற்றுக்காரர்களிடம் சில வழிகள் உண்டு. காசில் யார் பெயர் இருக்கிறது, உத்தரவு யார் பெயரில் போகிறது, உடன்படிக்கையில் யார் முத்திரை இருக்கிறது, முஸ்லிம் நாடு என்றால் வெள்ளிக்கிழமைக் குத்பாவில், அதாவது தொழுகை உரையில், யார் பெயரைச் சொல்கிறார்கள். இவை எல்லாம் வேண்டும், ஆனால் இவை மட்டும் போதாது, ஏனென்றால் பொம்மை ராஜாக்கள் பெயரிலும் காசு அடித்திருக்கிறார்கள். நான் கடைசியாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: பலமுள்ள ஒருவர் வந்து கேட்டபோது அந்தப் பெண் "முடியாது" என்று சொல்லியிருக்கிறாளா, அப்படிச் சொன்னது நின்றதா. பெயருக்கு இருப்பவர்களால் சம்மதிக்க முடியும், மறுக்க முடியாது.

இந்த இடத்தில் என் மனசுக்கு முதலில் வருவது சுமத்ரா தீவின் வடமுனையில் இருந்த ஆச்சே. 1641இலிருந்து 1699 வரை அடுத்தடுத்து நான்கு பெண்கள் அங்கே சுல்தானாக இருந்தார்கள். மார்க்கப் படிப்புக்குப் பெயர்போன ஒரு முஸ்லிம் நாட்டில், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக, இடையில் ஒரு ஆண் கூட இல்லாமல். முதலாமவர் ஸஃபியத்துத்தீன். புகழ்பெற்ற இஸ்கந்தர் முடாவின் மகள், அவருக்குப் பின் ஆண்ட இஸ்கந்தர் தானியின் மனைவி. கணவர் வாரிசில்லாமல் இறந்ததும் பிரபுக்கள் கூடி இவரை உட்கார வைத்தார்கள். ஆட்டி வைக்க வசதியாக இருக்கும் என்றுதான் உட்கார வைத்தார்கள் என்று பழைய ஐரோப்பியர்கள் எழுதினார்கள், உங்கள் வகுப்புத் தோழர் சொல்வதும் அதேதான். ஆனால் அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். அவர் ஆட்சிக்கு வந்த அதே 1641இல்தான் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்து எதிர்க்கரையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆச்சேக்கு அடங்கியிருந்த பேராக் நாட்டு ஈயத்துக்காக ஆச்சேயை விடாமல் நெருக்கினார்கள், கப்பல்களை மறித்தார்கள். சில இடங்களில் அவர் விட்டுக்கொடுத்தார், ஆனால் நாட்டை விடவில்லை. அதே தீவுக்கூட்டத்தில் இருந்த மகாஸர் நாடு 1669இலும் பாந்தன் நாடு 1682இலும் டச்சுக்காரர்களிடம் பணிந்தன. ஆச்சே அந்த நூற்றாண்டு முழுக்கப் பணியவில்லை. 34 வருஷம் ஆண்டார், பொற்காசு அவர் பெயரில் வந்தது, அப்துர் ரவூஃப் என்ற பெரிய அறிஞர் இவர் கேட்டுக்கொண்டதன் பேரில் மலாய் மொழியில் சட்ட நூல் எழுதினார்.

அவருக்கு அப்புறம் வந்தவர்களில் மூன்றாமவர் ஸக்கியத்துத்தீன். 1684இல் நம்ம சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் தூதர்கள் இரண்டு பேர் அவரைப் பார்க்கப் போனார்கள். ஆச்சேயில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. வியாபாரம் செய்யலாம், கோட்டை மட்டும் கிடையாது, சென்னை கவர்னர் என் அரண்மனை நிறையத் தங்கத்தைக் கொட்டினாலும் செங்கல்லால் கோட்டையோ வீடோ கட்ட விடமாட்டேன் என்ற பொருளில் பதில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. தூதர்கள் திரும்பினார்கள், கம்பெனி அடுத்த வருஷமே தெற்கே பெங்கூலனில் போய் இடம் பிடித்தது. அதாவது அந்த மறுப்பு நின்றது. இன்னொரு சங்கதியும் அந்தப் பதிவில் உண்டு. அந்த ராணிக்கு நாற்பது வயது இருக்கும், பெரிய உருவம், ஒரு பெண்ணிடம் இவ்வளவு கனத்த குரலை நாங்கள் கேட்டதே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். இவர் உண்மையில் பெண்தானா என்ற சந்தேகமே அப்போது ஆங்கிலேயர் நடுவில் கிளம்பியது. இதை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். ஒரு பெண் உறுதியாக மறுக்கிறாள் என்றால் அவள் பெண்ணாகவே இருக்க முடியாது என்று நினைக்கும் புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.

இனி இந்தப் பக்கம் வாருங்கள். அதே 1684ஆம் வருஷம், அதே கம்பெனி, நல்லமிளகு வாங்க அலைந்துகொண்டு மலையாளக் கரையில் ஒரு இடம் கேட்டது. கேட்டது ஆற்றிங்கல் ராணி உமையம்மையிடம். அவர் கடலோரம் அஞ்சுதெங்கில் ஒரு மணல்திட்டைக் கொடுத்தார், பத்து வருஷத்துக்கு அப்புறம் அங்கே கோட்டை எழும்பியது. இரண்டு ராணிகள், ஒரே கம்பெனி, ஒரே வருஷம், எதிரெதிரான முடிவு. அப்படியென்றால் ஆற்றிங்கல் ராணி ஏமாந்தவரா? நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு அப்போது தொல்லை டச்சுக்காரர்கள்தான். கொல்லத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்லமிளகு முழுவதையும் தங்களுக்கே, தாங்கள் சொன்ன விலைக்கே தர வேண்டும் என்று நின்றார்கள். இன்னொரு வியாபாரியைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்தது கணக்குப் போட்டுச் செய்த காரியம். அந்தக் கணக்கு பிற்காலத்தில் தப்பிப்போனது. 1721இல் ஆற்றிங்கலில் கம்பெனிக்காரர்களை ஊர்க்காரர்கள் வெட்டிச் சாய்த்ததும், அதற்குப் பின் கம்பெனி இங்கே இன்னும் ஆழமாக வேர் விட்டதும் அதன் தொடர்ச்சிதான். ஆனால் 1684இல் அதை யாரும் கண்டிருக்க முடியாது.

இந்த உமையம்மை ராணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் தக்கலையிலிருந்து எழுதுகிறீர்கள், இது உங்கள் வீட்டு வாசலில் நடந்த வரலாறு. 1677இலிருந்து 1684 வரை, பின்னால் திருவிதாங்கூர் ஆன வேணாட்டை ஆண்டவர் இவர், சின்னப் பையனாக இருந்த ரவிவர்மாவுக்காக. வேணாட்டு அரச குடும்பம் மருமக்கள் வழி. பட்டம் ஆணுக்குப் போனாலும் அது பெண் வழியாகத்தான் போகும், ஆற்றிங்கல் மூத்த ராணிக்கென்று தனி நிலமும் வருமானமும் மரியாதையும் உண்டு. அதனால்தான் வெளிநாட்டுக்காரன் வந்தால் ராஜாவை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. இது வரை உறுதி. அவருடைய பிள்ளைகளை எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் களிப்பான்குளத்தில் மூழ்கடித்துக் கொன்றார்கள் என்பது நம்ம பக்கத்தில் சின்ன வயசிலிருந்தே கேட்கிற கதை, ஆனால் அது கதைதான், சமகால ஆதாரம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை, வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. முகிலன் படையெடுப்பும் அப்படித்தான், ஒரு குதிரைப்படைத் தலைவன் வந்து இந்தப் பக்கத்தைக் கலக்கியதாக நினைவு வலுவாக இருக்கிறது, யார், எவ்வளவு படை என்ற விவரமெல்லாம் பின்னால் சேர்ந்தது. உமையம்மை என்று சொன்னதும் எல்லோருக்கும் நினைவு வருவது பிள்ளைகளைப் பறிகொடுத்து அழும் தாய்தான். அஞ்சுதெங்கு விஷயத்தில் டச்சுக்காரனையும் இங்கிலீஷ்காரனையும் எதிரெதிராக நிறுத்திப் பேரம் பேசிய ஆள் யாருக்கும் நினைவில் இல்லை. ஆதாரம் உள்ளது மறந்துபோய், ஆதாரம் இல்லாதது நின்றுவிட்டது. இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் மதுரையில் ராணி மங்கம்மாள் இருந்தார். மகன் 1689இல் அம்மை நோயில் போய்விட்டான், பேரன் அப்போதுதான் பிறந்த குழந்தை, அந்தப் பேரனுக்காக அடுத்த பதினைந்து வருஷத்துக்கும் மேல் இவர்தான் ஆண்டார். முகலாயருக்குக் கப்பம் கட்டிச் சமாளித்தார், நேரம் பார்த்துப் படையும் அனுப்பினார். 1690களில் அவருடைய படைத்தலைவர், தளவாய் நரசப்பையா வேணாட்டுக்குள் வந்து கப்பம் வசூலித்துப் போனது நடந்த விஷயம். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் பழைய பாதையை மங்கம்மா சாலை என்றே சொல்கிறோம். சாலையும் சத்திரமும் அவர் போட்டார் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தப் பெயரில் சொல்லப்படும் எல்லாச் சாலையும் அவர் போட்டதாக இருக்காது, நல்ல பெயர் எடுத்தவர் மேல் ஊர் எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்லும். கடைசிக் காலத்தில் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பதும் வாய்வழி வந்ததுதான்.

சரி, உங்கள் தோழரின் வாதம் உண்மையிலேயே பலமாக நிற்கிற இடத்துக்கு வருவோம். திருவிதாங்கூரின் கௌரி லக்ஷ்மி பாய், கௌரி பார்வதி பாய் என்ற அக்கா தங்கை. 1810 நவம்பரில் பாலராம வர்மா இறந்தபோது குடும்பத்தில் பட்டத்துக்கு உரிய ஆண் யாரும் இல்லை, போட்டிக்கு வந்தவரின் உரிமை செல்லாது என்று ஆனது. இருபது வயது கூட நிறையாத லக்ஷ்மி பாய் ஆட்சிக்கு வந்தார். 1813இல் சுவாதித் திருநாள் பிறக்கும் வரைக்கும் அவர் யாருக்காகவும் ஆளவில்லை, தன் உரிமையில் ஆண்டார். பிள்ளை பிறந்த பிறகுதான் பிள்ளைக்காக ஆள்பவர் ஆனார். 1815இல் பிரசவத்துக்குப் பின் உடல்நலம் கெட்டு இறந்துபோனார். இந்தக் குறுகிய காலத்தில் 1811இல் பத்மநாபபுரம் உட்பட ஐந்து இடங்களில் ஜில்லா நீதிமன்றங்கள் வந்தன, 1812இல் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டது, 1813இல் அம்மை குத்துவது தொடங்கியது. அடிமைத் தடை முழுசாக இல்லை, நிலத்தோடு சேர்த்து வைத்திருந்தவர்களை அது விடுவிக்கவில்லை, அவர்களுக்கு 1855 வரை ஆனது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் எவ்வளவு ராணியுடையது? அப்போது ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் மன்றோவே 1811இலிருந்து 1814 வரை திவானாகவும் இருந்தார். அவரை திவானாக இருக்கச் சொல்லிக் கேட்டது ராணி. கம்பெனியை எதிர்த்து வேலுத்தம்பி செய்த கலகம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, கஜானா காலி, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி தலைக்கு மேல், அரண்மனையைச் சுற்றியிருந்த பிரபுக்களை அவர் நம்பவில்லை. சட்டங்களை எழுதியது பெரும்பாலும் மன்றோ, வெளிவந்தது ராணியின் பெயரில். எது யாருடைய யோசனை என்று பிரித்துக் காட்ட இன்றைக்கு வழியில்லை. ஆகவே உங்கள் தோழர் இங்கே பாதி சரி. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். கம்பெனியோடு போட்ட 1805 உடன்படிக்கைக்கு அப்புறம் திருவிதாங்கூரில் எந்த ராஜாதான் ரெசிடெண்டை மீறி ஆண்டார்? சுவாதித் திருநாளே ரெசிடெண்ட் கல்லனின் நெருக்குதலில் நொந்துபோனவர்தான். அவரைப் பேருக்கு ராஜா என்று யாரும் எழுதுவதில்லை. பின்னால் இருந்தது யார் என்ற கேள்வி நல்ல கேள்வி, அதை ராணிகளிடம் மட்டும் கேட்பதுதான் தப்பு.

தங்கை பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பை எடுத்தபோது வயது 13. முதல் சில வருஷம் அவர் தானாக முடிவெடுத்தார் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் 1829 வரை 14 வருஷம் ஆண்டார், அதற்குள் பல திவான்கள் வந்துபோனார்கள், அவர் இருந்தார். 1817இல் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று வந்த ஆணை இவர் பெயரில் வந்ததுதான். ஓட்டு வீடு கட்டவும் நகை போடவும் சாதி பார்த்துப் போட்டிருந்த தடைகள் சிலவற்றை எடுத்தார். நாகர்கோவில் மிஷன் பள்ளியை நடத்த நெல்வயல் வாங்க இவர் கொடுத்த பணம் உதவியது, இந்த மாவட்டத்தின் படிப்பு வளர்ந்த கதையில் அந்த வயலுக்கு ஒரு பங்கு உண்டு.

இப்போது சொல்லப்போவதை யாரும் இந்த ராணிகளைப் புகழ்ந்து எழுதும்போது சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1820களில் கல்குளம், இரணியல் பக்கங்களில் தோள்சீலைப் போராட்டம் வெடித்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காகச் சந்தையிலும் வழியிலும் அடிக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அந்தப் பெண்களுக்குச் சாதகமாகச் சொன்னது. அக்கா காலத்தில் வந்த அதே நீதிமன்றம். தகராறு அதோடு நிற்கவில்லை. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வந்த அரசு அறிவிப்பு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை அணியக்கூடாது என்றது. அது கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், அவர் பெயரில் வந்தது. கல்விக்கு ஆணையிட்ட அதே பெயர். அடுத்த முப்பது வருஷம், 1859 அறிவிப்பு வரும் வரை, எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் இதற்காக அடிபட்டிருக்கிறார்கள், அப்போதும் உரிமை முழுசாகக் கிடைக்கவில்லை. ஒரு பெண் அதிகாரத்துக்கு வந்தால் பெண்கள் எல்லோருக்கும் விடிவு என்று நினைப்பவர்கள் இந்த 1829ஐப் படிக்க வேண்டும். அந்த ராணிக்கு அரண்மனையும் சாதியும் ரெசிடெண்டும் முதலில் இருந்தன, இரணியல் சந்தைக்கு வந்த பெண் அவர் கண்ணில் படவே இல்லை. அதற்காக அவர் ஆளவில்லை என்று சொல்ல முடியாது. ஆண்டார், இப்படியும் ஆண்டார்.

வெளிநாட்டுப் பெயர்கள் இன்னும் சில. எகிப்தின் ஷஜர் அத்துர், அடிமையாக விற்கப்பட்டு வந்தவர். 1249இல் பிரெஞ்சு ராஜா ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குப் படையோடு வந்து நிற்கிற நேரத்தில் கணவர் சுல்தான் இறந்துபோனார். படை கலைந்துவிடக் கூடாது என்று அந்த மரணத்தை மறைத்து, உத்தரவுகள் வழக்கம்போலப் போக வைத்தார். லூயி தோற்றுச் சிறைப்பட்டான். 1250இல் இவரே சுல்தான் ஆனார், காசில் பெயர், குத்பாவில் பெயர். ஆனால் காசில் தன்னை கலீலின் தாய் என்று சொல்லிக்கொண்டார், அந்த மகன் முன்பே இறந்தவன். இறந்துபோன பிள்ளையைச் சொல்லியாவது உரிமை காட்ட வேண்டியிருந்தது. பாக்தாத் கலீஃபா ஏற்கவில்லை, மூன்று மாதத்துக்குள் விலக வேண்டி வந்தது. உங்களிடம் ஆண் இல்லையென்றால் நான் அனுப்புகிறேன் என்று கலீஃபா கடிதம் எழுதியதாகச் சொல்வது பிற்கால நூல்களில் வரும் சுவையான செய்தி, அந்த வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். கலீஃபாவின் எதிர்ப்பு மட்டும் உண்மை.

பக்கத்து இலங்கையில் பொலன்னறுவையின் லீலாவதி. பராக்கிரமபாகுவின் மனைவி. 1197, 1209, 1211 என்று மூன்று தடவை அரியணை ஏறியவர், மூன்று தடவையும் ஏற்றியது ஒவ்வொரு படைத்தலைவர். இங்கே உங்கள் தோழர் பெரும்பாலும் சரி என்பேன். ஆனாலும் வாளைக் கையில் வைத்திருந்த அந்தத் தலைவர்கள் ஏன் தாங்களே உட்காரவில்லை? அரசுரிமை அந்தப் பெண்ணிடம் இருந்தது, அது இல்லாமல் நாடு ஒப்புக்கொள்ளாது. அவர் பெயரில் வந்த காசு இன்றைக்கும் இருக்கிறது. 1212இல் அவரைக் கடைசியாக இறக்கியது நம்ம பாண்டிய நாட்டிலிருந்து படையோடு போன பராக்கிரம பாண்டியன்.

ஆப்பிரிக்காவில் இன்றைய அங்கோலாவில் நிஜிங்கா. 1622இல் சகோதரர் சார்பில் லுவாண்டாவுக்குத் தூது போனார், 1624இல் ஆட்சிக்கு வந்தார், 1663இல் சாகும் வரை போர்த்துக்கீசியரோடு போரும் பேச்சும் நடத்தினார், 1656இல் சமாதான உடன்படிக்கை போட வைத்தார். கவர்னர் நாற்காலி தராததால் பணிப்பெண்ணின் முதுகில் உட்கார்ந்து சமமாகப் பேசினார் என்ற கதையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதைப் பரப்பியது பல வருஷம் கழித்து ஒரு பாதிரியார் எழுதிய நூல், நடந்திருக்கலாம், ஆனால் அவர் பெருமை அதில் இல்லை, நாற்பது வருஷம் தாக்குப்பிடித்ததில் இருக்கிறது. அவரும் போரில் பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றவர்தான், அதை மறைக்கக் கூடாது.

ஏன் இவர்கள் கவனிக்கப்படவில்லை என்பதற்கு ஆண்கள் வேண்டுமென்றே அழித்தார்கள் என்று ஒரே காரணம் சொல்கிறார்கள். சில இடங்களில் அப்படி நடந்தது. பழைய எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட் என்ற பெண்ணின் பெயரையும் உருவத்தையும் கோயில் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள், 3,300 வருஷத்துக்கு அப்புறம் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியன் அங்கே போய் நின்றபோது, தாடி வைத்த ராஜா உருவத்துக்குப் பெண்பால் விகுதி ஏன் வருகிறது என்று குழம்பினார். ஆனால் அங்கேயும் கவனியுங்கள், அந்தக் கொத்தல் அவர் இறந்து சுமார் இருபது வருஷத்துக்கு அப்புறம்தான் தொடங்கியது. மகன் முறையான மூன்றாம் துட்மோஸின் கோபம் என்றால் உடனே நடந்திருக்கும். வாரிசு வரிசையில் குழப்பம் வரக்கூடாது என்று செய்திருக்கலாம் என்பது இப்போது பலரின் கருத்து, முடிந்த முடிவு இல்லை. பெரும்பாலான இடங்களில் அழிக்கும் வேலையே தேவைப்படவில்லை. பிள்ளைக்காக ஆண்டவர், பேரனுக்காக ஆண்டவர், மருமகனுக்காக ஆண்டவர் என்று பதிவு செய்துவிட்டாலே போதும், அரசர் பட்டியல் போடும்போது அந்தக் குழந்தையின் பெயர் ஏறும், ஆண்டவள் அடிக்குறிப்புக்குப் போய்விடுவாள். திருவிதாங்கூர் பட்டியலில் 1924இலிருந்து 1931 வரை ஆண்ட சேது லக்ஷ்மி பாய்க்கும் அதுதான் ஆனது. பெண் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸைச் சட்டமன்றத்துக்கு நியமித்தது, மருத்துவத் துறைத் தலைமை கொடுத்தது, சுசீந்திரம் உட்பட கோயில்களில் தேவதாசி முறையை நிறுத்தியது எல்லாம் அவர் காலம். இந்த மாவட்டத்தில் பத்துப் பேரிடம் கேட்டால், அவர் யாருக்காக ஆண்டாரோ அந்தச் சித்திரைத் திருநாளைச் சொல்வார்கள், இவரைச் சொல்ல ஒருவர் இருந்தால் பெரிது.

செம்பியன் மாதேவி, குந்தவை இவர்களைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கோயில் கட்டினார்கள், கோயில்களுக்கு நிவந்தமாக நிலமும் பொருளும் கொடுத்தார்கள், செல்வாக்கு இருந்தது, அது பெரிய விஷயம்தான், ஆனால் ஆட்சி வேறு. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் என்பது தெரிந்திருக்கும். அவருக்கு 20 வருஷம் முன்பே, 1940இல், சைபீரியாவுக்குத் தெற்கே துவா என்ற சின்னக் குடியரசில் ஹெர்தெக் அஞ்சிமா நாட்டுத் தலைவர் ஆனார். அரச குடும்பத்தில் பிறக்காமல் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். அந்த நாடு சோவியத்தின் பிடியில் இருந்தது, ஆகவே "முடியாது" சோதனையில் அவர் தேறுவது கஷ்டம்.

நீங்கள் இதைக் கல்லூரி மேடையில் பேசப்போவதாகச் சொல்லியிருப்பதால் ஒரு யோசனை. பத்துப் பெயரை வாசிக்காதீர்கள். ஆச்சேயையும் ஆற்றிங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், 1684 என்ற ஒரு வருஷமே பாதி பேசிவிடும். அப்புறம் கௌரி பார்வதி பாய், 1817 ஆணையும் 1829 அறிவிப்பும் இரண்டும் சேர்த்து, ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லாமல். உங்கள் தோழர் மறுபடி எழுந்து பின்னால் யார் இருந்தது என்று கேட்டால், லீலாவதியை விட்டுக்கொடுத்துவிடுங்கள், பார்வதி பாயின் முதல் சில வருஷங்களையும் விட்டுக்கொடுங்கள். ஸக்கியத்துத்தீனுக்குப் பின்னால் நின்று மறுக்க வைத்தது யார் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.